அரை வினாடிக்குள் பாட வேண்டும்

பழைய வானொலி நிலைய டர்ன்டேபிள்களை, அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் இயந்திரங்களைத் தேடி வாங்குகிறவர்களோடு உட்கார்ந்தால் பேச்சு ஒலியின் தரத்தை விட்டு நகராது. காரார்டு 301-இல் போட்டால் மிருதங்கத்தின் தொப்பி எப்படி விழுகிறது, இஎம்டி 930-இல் போட்டால் பாடகர் எப்படி எதிரில் வந்து உட்காருகிறார் என்று மணிக்கணக்கில் விவரிப்பார்கள். அதற்காக லட்சக்கணக்கில் கொடுக்கவும் செய்கிறார்கள். அவரவர் பணம், அவரவர் காது. ஆனால் இந்த இயந்திரங்களைக் கேட்டு வாங்கிய ஒலிபரப்புப் பொறியாளர்களின் முதல் கவலை அதுவன்று. விசையைத் தட்டினால் எத்தனை நேரத்தில் பாட்டு சரியான சுருதியில் வெளியே வரும்? இரவு பகலாக ஓடினால் எத்தனை ஆண்டு தாங்கும்? இருட்டில் கை வைத்தாலும் குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் இருக்குமா? காதுக்கு முன்னால் கையை நினைத்துச் செய்யப்பட்ட சாமான்கள் இவை என்பது என் கட்சி.

வீட்டில் பாட்டுக் கேட்கிறவருக்கு அவசரம் கிடையாது. பெல்ட் போட்ட சாதாரண ரிக்கார்டு பிளேயர் முழு வேகம் எடுக்கச் சில வினாடிகள் ஆகும். ஊசி ஓரத்தில் இறங்கிப் பாட்டை எட்ட இன்னும் கொஞ்சம். அதற்குள் காபியை ஒரு வாய் குடித்துக்கொள்ளலாம். வானொலியில் அதே அளவு மௌனம் விழுந்தால் நிலையம் படுத்துவிட்டது என்று நினைத்துக் கேட்கிறவர் முள்ளைத் திருப்பிவிடுவார். அறிவிப்பாளரின் கடைசிச் சொல் முடிகிற இடத்தில் பாட்டின் முதல் சுரம் பிறந்தாக வேண்டும்.

எங்கள் தலைமுறைக்கு இதைப் பழக்கிவிட்டது கொழும்பு. 1952-இல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டை ஓரங்கட்டியபோது, 1950 செப்டம்பரில் வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்த ரேடியோ சிலோன் அந்தக் காதுகளை அப்படியே அள்ளிக்கொண்டது. 1957-இல் விவித் பாரதி வந்த பிறகும் எங்கள் பக்கத்து வீடுகளில் முள் இலங்கையில்தான் நிற்கும். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் பெயர்களை வீட்டு மனிதர்களைப் போலச் சொல்வோம். குரலைப் புகழ்ந்தவர்கள் நிறையப் பேர். எனக்குப் பிடித்தது அந்தப் பொருத்தம்: படத்தின் பெயர், பாடியவர்கள் பெயர், மூச்சு விடுவதற்குக்கூட இடமில்லாமல் உடனே வயலின்கள். எப்படிச் செய்கிறார்கள் என்று அப்போது யாரிடம் கேட்பது?

வெகுகாலம் கழித்து, அமெரிக்காவில் என் மகள் படித்த பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலி நிலையத்தில் அந்த வேலையைக் கிட்டத்தில் பார்க்க வாய்த்தது. ஒலிபரப்பு மாடியில் கணினி வழியாக நடந்துகொண்டிருந்தது. அடித்தளத்தில் பழைய ஸ்டூடியோவை அப்படியே வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் வாரக் கடைசியில் வந்து எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டு, துடைத்து, ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவார். நடுவில் சாம்பல் நிறத்தில் கேட்ஸ் நிறுவனத்தின் கன்சோல், அதாவது ஒலிகளைக் கலந்து அனுப்பும் பலகை. இல்லினாய் மாநிலத்தின் குவின்சி நகரத்துத் தயாரிப்பு. பக்கத்துக்கொரு டர்ன்டேபிள், கலிபோர்னியாவின் கியூஆர்கே நிறுவனத்துடையது. நாற்காலியில் உட்கார்ந்தால் இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. எழுந்திருக்கத் தேவையே இல்லை.

கியூஆர்கேயைப் பார்த்தால் ஆலைப் பட்டறையிலிருந்து கழற்றி வந்தது போல இருக்கும். கனத்த வார்ப்பு அலுமினியச் சுழல்தட்டு, அதன் மேல் ஃபெல்ட் துணி, ஓரத்தில் கியர் தண்டு மாதிரி ஒரு நெம்புகோல். உள்ளே பெல்ட் கிடையாது. மோட்டாரின் அச்சு படிப்படியாகத் தடிமன் மாறும். அதற்கும் சுழல்தட்டின் உள்விளிம்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம் போய் அழுந்திக்கொள்ளும். எந்தப் படியில் அழுந்துகிறதோ அதற்கேற்ற வேகம். மோட்டாரின் பலம் வழுக்காமல் விளிம்புக்கே போவதால் விசையைப் போட்ட உடனே தட்டு பாய்கிறது. இந்த ஏற்பாட்டில் மோட்டாரின் உறுமல் பாட்டில் கலக்கும் என்பது பழைய குற்றச்சாட்டு, உண்மைதான். நிலையத்தார் அதைப் பொறுத்துக்கொண்டார்கள், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பெரியவர் நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் ஒரு இசைத்தட்டை எடுத்து வைத்தார். நெம்புகோலை நடுவில், எந்த வேகத்திலும் மாட்டாமல் நிறுத்தினார். ஊசியை ஓரத்தில் இறக்கினார். கன்சோலில் அந்த டர்ன்டேபிளுக்கு உரிய குமிழை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினார். சுழியைத் தாண்டி ஒரு சொடுக்கு கேட்டது. அந்தச் சொடுக்குக்கு அப்பால் இருப்பதுதான் கியூ. பாட்டு ஒலிபரப்புக்குப் போகாது, மேசையில் இருக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கருக்கு மட்டும் போகும். ஒரு விரலால் தட்டை மெதுவாகச் சுற்றினார். இரைச்சல், இரைச்சல், பிறகு முதல் டிரம் அடி, மாட்டை அதட்டுவது போன்ற ஒரு ஓசையாக. நிறுத்தினார். அங்கிருந்து கால் சுற்று பின்னால் தள்ளினார். நெம்புகோலை 45-இல் மாட்டினார். இப்போது பாட்டு தயார். மைக்கில் பேசிக்கொண்டே குமிழை ஏற்றிவிட்டு, கடைசி வார்த்தையில் விசையைத் தட்டினால் போதும். அந்தக் கால் சுற்று தூரத்தில் தட்டு வேகம் பிடித்துவிடும்.

கால் சுற்று ஏன் என்பதையும் வேண்டுமென்றே காட்டினார். பின்னால் தள்ளாமல் அப்படியே ஓட்டினால் முதல் சுரம் பாதாளத்திலிருந்து ஏறி வருகிறது. சீவாளியைச் சரிசெய்துகொண்டிருக்கும் நாதஸ்வரக்காரர் ஊதிப் பார்ப்பது மாதிரி. இன்னொரு முறையும் இருக்கிறது. சுழல்தட்டை ஓடவிட்டு, மேலே இருக்கும் ரிக்கார்டை மட்டும் விரலால் பிடித்துக்கொள்வது. ஃபெல்ட் துணி அடியில் வழுக்கிக்கொண்டு ஓடும், ரிக்கார்டு நிற்கும். விரலை எடுத்தால் பாட்டு. 1960களின் கடைசியில் நியூயார்க் நடன அரங்குகளில் பிரான்சிஸ் கிராசோ இதைச் செய்து பெயர் வாங்கினார். அதற்கு முன்பே வானொலிக்காரர்களின் விரல் அதில் தேய்ந்திருந்தது.

இதற்கெல்லாம் ரிக்கார்டு கொடுத்த விலை உண்டு. ஒரே இடத்தில் ஊசியை முன்னும் பின்னும் தேய்த்தால் பள்ளத்தின் சுவர் அரிக்கும். நிலையங்களிலிருந்து கழித்துக்கட்டிய ரிக்கார்டுகளில் பாட்டு தொடங்கும் இடத்தில் மட்டும் ஸ்ஸ் என்று ஓர் இரைச்சல் இருக்கும். முதல் இரண்டு வினாடியிலேயே அது எங்கே வாழ்ந்த தட்டு என்று தெரிந்துவிடும். அதனால்தான் நிலையங்கள் நீள்வட்ட முனை ஊசியைத் தவிர்த்து உருண்டை முனை ஊசியையே வைத்துக்கொண்டன. ஸ்டான்டன் 500 மாதிரி, ஊசியைத் தாங்கும் முரட்டு கார்ட்ரிட்ஜ்கள் அங்கே கோலோச்சியதற்கு இனிமை காரணமன்று. பின்னோக்கிச் சுற்றினாலும் ஊசி பிழைத்திருக்கும். இன்னொரு விதி: இரவில் பூட்டிவிட்டுப் போகும்போது நெம்புகோலை நடுவில் விட்டுவிட்டுப் போக வேண்டும். மறந்தால் ரப்பர் சக்கரம் அழுந்திய இடத்தில் தட்டையாகிவிடும். மறுநாள் முழுக்கப் பாட்டுக்கு அடியில் டொக், டொக் என்று ஒரு தாளம் இலவசம்.

கன்சோலைப் பற்றி மேலும் சொல்ல வேண்டும். இப்போது மிக்சர் என்றால் ஒலியைக் கூட்டிக் குறைக்க வரிசையாக மேலும் கீழும் வழுக்கும் ஃபேடர்கள்தான் கண்ணில் வரும். பழைய அமெரிக்க வானொலிப் பலகையில் எல்லாமே உருண்டைக் குமிழ்கள், கைக்கு அடங்கும் பெரிய குமிழ்கள். உள்ளே டேவன் போன்ற நிறுவனங்கள் செய்த, ஒலியைப் படிப்படியாகக் குறைக்கும் மட்டுப்படுத்திகள்: வட்டமாக அடுக்கிய உலோகப் பொட்டுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு மின்தடை. குமிழைத் திருப்பும்போது விரல் நுனியில் படிகள் தட்டுப்படும். பெரியவர் ஒரு குமிழின் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். பொட்டுகள் பித்தளை விளக்கைப் போலப் பளபளத்தன. துணியால் துடைத்தால் இன்னொரு ஐம்பது ஆண்டு ஓடும் என்றார். நம்பினேன்.

ஒவ்வொரு குமிழுக்கு மேலும் மூன்று நிலை கொண்ட ஒரு விசை. ஒரு பக்கம் தள்ளினால் ஒலிபரப்பு, மறுபக்கம் ஒத்திகை, நடுவில் ஒன்றுமில்லை. மைக்கின் விசையைத் தள்ளியதும் ரிலே ஒன்று டக்கென்று விழுந்து அறையின் ஸ்பீக்கர்கள் வாயை மூடிக்கொள்கின்றன, கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிகிறது. ஸ்பீக்கரை அணைக்க அறிவிப்பாளர் மறந்தாலும் ஊளைச் சத்தம் வராது. மறக்கும் வாய்ப்பையே அவருக்குக் கொடுக்கவில்லை.

நடுவில் ஒலியின் அளவைக் காட்டும் வி.யூ. மீட்டர். பெல் ஆய்வகமும் சிபிஎஸ், என்பிசி வலையமைப்புகளும் சேர்ந்து 1939-இல் ஏற்படுத்திய தரம் அது. முள் முழு அளவை எட்ட 300 மில்லி வினாடி எடுத்துக்கொள்ளும். அதாவது வேண்டுமென்றே மந்தம். திடீர் உச்சங்களை அது காட்டாது, காது உணரும் சராசரிச் சத்தத்தை ஓரளவு காட்டும். நாள் முழுக்கப் பார்க்கிற கண்ணை உறுத்தாத வெளிர்மஞ்சள் முகப்பு. பிபிசியின் மீட்டருக்கு நேர்மாறான குணம்: கறுப்பு முகப்பில் வெள்ளை எழுத்தில் 1 முதல் 7 வரை எண்கள்; முள் சட்டென்று ஏறி, சாவகாசமாக இறங்கும். உச்சத்தைப் பிடித்துக் காட்டுவது அதன் வேலை. இரண்டில் எது சரி என்று பொறியாளர்கள் இன்னமும் சண்டை போடுவார்கள். பிபிசிக்காரர்கள் ஃபேடரையும் மற்றவர்களுக்கு எதிராகத்தான் வைத்தார்கள்: தன் பக்கம் இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். தவறிக் கை பட்டால் பாட்டு நிற்கலாம், ஆனால் வேண்டாத ஒன்று ஒலிபரப்பாகிவிடக் கூடாது என்று ஒரு காரணம் சொல்வார்கள். அந்த நிறுவனத்தின் சுபாவத்தை அறிந்தவர்களுக்கு அது பொருத்தமாகவே தோன்றும்.

அமெரிக்காவில் எல்லா அறிவிப்பாளர்களும் தாங்களே தட்டுப் போட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சின்ன ஊர்களில் அப்படி. பெரிய நகரங்களில் தொழிற்சங்கம் உண்டு. பலகையைத் தொட்டால் பொறியாளர் சங்கம் கேள்வி கேட்கும். சிகாகோவில் இன்னும் ஒரு படி மேல். அங்கே இசைக்கலைஞர் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ, ரிக்கார்டுகள் வாத்தியக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று போராடியவர். 1942-இல் நாடு முழுக்க ஒலிப்பதிவையே நிறுத்திவைத்த மனிதர். அவருடைய கோட்டையான சிகாகோவில் வானொலியில் ரிக்கார்டு போடும் வேலையே சங்க உறுப்பினரான இசைக்கலைஞருக்குத்தான். வயலின் கற்றவர் சம்பளம் வாங்கிக்கொண்டு தட்டைத் திருப்பிப் போடுவார். அறிவிப்பாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டினால் இவர் விரலை எடுப்பார். கைகள் மூன்று பேருடையவை. பொருத்தம் மட்டும் ஒன்று.

ஜெர்மானியர்கள் விரலையே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கருங்காட்டுப் பகுதியின் லார் நகரத்தில் வில்ஹெல்ம் ஃபிரான்ஸின் இஎம்டி நிறுவனம் 1951-இல் கொண்டுவந்த 927 ஒரு யானை. வீட்டு இசைத்தட்டு 12 அங்குலம்தான். அந்தக் கால நிலையங்கள் நிகழ்ச்சிகளைப் பதிந்து அனுப்பிய தட்டுகள் 16 அங்குலம், 33⅓ சுழற்சியில் பக்கத்துக்குக் கால் மணி நேரம். அவற்றில் சில உள்ளிருந்து வெளியே பாடும். போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடித் தட்டில் அரக்குப் பூசிப் பதிந்ததும் உண்டு. 1937 மே 6-ஆம் தேதி ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்ததை ஹெர்பர்ட் மோரிசன் அழுதுகொண்டே வருணித்தது இப்படியொரு தட்டில்தான். வெடிப்பின் அதிர்வில் பள்ளம் வெட்டும் முனை துள்ளி அரக்கைத் தோண்டிவிட, பொறியாளர் சார்ல்ஸ் நெல்சன் அதைத் தூக்கி மறுபடி வைத்திருக்கிறார். அத்தகைய தட்டுகளுக்கும் இடம் விட்டுச் செய்ததால் 927-இன் சுழல்தட்டு 44 சென்டிமீட்டர்.

1950களின் நடுவில் வந்த 930 அதன் தம்பி. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதில் இருக்கிறது. கனமான சுழல்தட்டு எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மேல் இலேசான பிளெக்சிகிளாஸ் தட்டு ஒன்று. ரிக்கார்டு இருப்பது அதன் மேல். ஒரு பிரேக் அந்த மேல்தட்டை மட்டும் பிடித்து நிறுத்தியிருக்கும். மின்காந்தம் பிரேக்கை விடுவித்ததும் மேல்தட்டு கீழ்த்தட்டோடு ஒட்டிக்கொண்டு பாயும். அரை வினாடியில் சரியான வேகம். அமெரிக்கர் விரலால் செய்ததை லார் நகரத்தார் நெம்புகோலால் செய்தார்கள். அதோடு விடவில்லை. மிக்சரின் ஃபேடரை ஏற்றினாலே அந்த பிரேக் விடுபடும்படி கம்பி இழுத்தார்கள். ஃபேடரைத் தள்ளு, பாட்டு வரும். தட்டை நோக்கித் திரும்பக்கூட வேண்டாம். ஒலியைப் பெருக்கும் மின்சுற்று டர்ன்டேபிளுக்கு உள்ளேயே இருந்ததால் கன்சோலுக்குப் போவது நேரடியாக ஸ்டூடியோ அளவுச் சத்தம். இந்தப் பெட்டிக்குள் நான் பார்க்கிற அழகு அந்த பிரேக்தான். வீட்டில் வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்துவதே அபூர்வம்.

பிறகு இந்தச் சாமர்த்தியமெல்லாம் தேவையற்றுப் போனது. 1959-இல் அமெரிக்க ஒலிபரப்பாளர்களின் மாநாட்டில் கார்ட்ரிட்ஜ் டேப் இயந்திரம் காட்டப்பட்டது. முடிவில்லாச் சுருளாகச் சுற்றிய நாடா, பொத்தானைத் தட்டினால் பாட்டு, முடிந்ததும் தானே தொடக்கத்துக்கு வந்து நிற்கும். நிலையங்கள் புது ரிக்கார்டை ஒருமுறை போட்டு அதில் பதிந்துகொண்டு, தட்டை அலமாரியில் வைத்துவிட்டன. டெக்னிக்ஸ் 1970-இல் எஸ்பி-10-ஐக் கொண்டுவந்தது: ரப்பர் சக்கரமும் இல்லை, பெல்ட்டும் இல்லை, மோட்டாரின் அச்சிலேயே தட்டு. 1975-இல் வந்த அதன் இரண்டாம் வடிவம் கால் வினாடியில் 33⅓-ஐத் தொட்டது. உறுமலும் போயிற்று, தாமதமும் போயிற்று. ரப்பர் சக்கரக்காரர்களுக்கு அதன் பிறகு சொல்ல எதுவும் இருக்கவில்லை.

அமெரிக்காவில் நிலையங்கள் கழித்துக்கட்டிய கியூஆர்கே, ரஸ்கோ, கேட்ஸ் டர்ன்டேபிள்கள் காரார்டை விட மலிவாகக் கிடைக்கும். அங்கிருக்கும் நம் ஆட்கள் பெட்டியில் போட்டுக் கொண்டுவர ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. 230 வோல்ட்டை 110 ஆக்க டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அங்கே மின்சாரம் வினாடிக்கு 60 சைக்கிள், இங்கே 50. இந்த மோட்டார்கள் சைக்கிளுக்குத்தான் கட்டுப்படும், வோல்ட்டுக்கு அல்ல. ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும்: 33⅓ போய் 28-க்கும் குறைவு, 78 போய் 65. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம். ஆறுக்கு ஐந்து என்பது சாதாரண காந்தாரத்துக்கும் சட்ஜத்துக்கும் உள்ள விகிதம். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவார். அதுவும் தூக்கக் கலக்கத்தோடு. மோட்டார் அச்சின் கப்பியைத் தடிமனாகக் கடைந்து மாற்ற வேண்டும், அல்லது சைக்கிளை மாற்றும் மின்சுற்று வாங்க வேண்டும்.

காரார்டு 301-இல் அந்தத் தொல்லை குறைவு. 50 சைக்கிளுக்கு ஒரு கப்பி, 60-க்கு ஒரு கப்பி என்று ஆலையே செய்து வைத்திருந்தது. இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்திலிருந்து 1954-இல் வந்த இதை பிபிசியும் பயன்படுத்தியது. இப்போது அந்தப் பெயரை வைத்திருப்பது எஸ்எம்இ என்ற பிரிட்டிஷ் டர்ன்டேபிள் நிறுவனம். அந்த எஸ்எம்இயை 2016-இல் வாங்கிய கேடன்ஸ் குழுமத்தின் தலைவர் புனேக்காரரான அஜய் ஷிர்கே. பழைய 301களைப் புதுக்கி விற்கிறார்கள். விலையைக் கேட்டால் கார் நினைவுக்கு வரும்.

பெங்களூரில் நண்பர் ஒருவரிடம் சாம்பல் நிறத்துப் பழைய 301 இருக்கிறது. நடுத்தண்டின் தாங்கிக்கு எண்ணெய் இல்லை, கிரீஸ். கீழே ஒரு சின்னக் கிண்ணத்தின் மூடியைத் திருகினால் கொஞ்சம் மேலே ஏறும். வேகத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் குமிழ் எந்தக் கம்பியையும் தொடுவதில்லை. மோட்டாரோடு சுற்றும் அலுமினிய வட்டுக்கு அருகில் ஒரு காந்தத்தை நெருக்கியும் விலக்கியும் வைக்கிறது. காந்தம் நெருங்கினால் வட்டில் எழும் சுழல் மின்னோட்டமே பிரேக். மோட்டார் ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. வியந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஆசை வந்துவிட்டது. ரிக்கார்டுக்கு அடியில் ஒரு ஃபெல்ட் துண்டைப் போட்டு விரலால் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். நண்பர் முகம் மாறியது. அவருடைய ஊசியின் விலை எனக்குத் தெரியும், ஆகவே குற்றம் சொல்ல மாட்டேன். கடைசியில் மோர் மார்க்கெட் காலத்துத் தேய்ந்த எல்பி ஒன்றையும், கழற்றி வைத்திருந்த ஒரு மலிவு கார்ட்ரிட்ஜையும் கொடுத்தார்.

பழைய சோக் வைத்த டியூப்லைட்டைப் போட்டோம். அந்த விளக்கில் சுழல்தட்டின் விளிம்பில் இருக்கும் கோடுகள் வேகம் சரியாக இருந்தால் நகராமல் நிற்கும். ரிக்கார்டைப் பிடித்தேன். கோடுகள் அசையவில்லை, மேலே ஒரு ஆள் பிடித்துக்கொண்டிருப்பது மோட்டாருக்குத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "அடுத்து வருவது..." என்று நண்பர் ஒலிபரப்புக் குரலில் ஆரம்பித்து, படத்தின் பெயரை மறந்துவிட்டார். யோசித்துக்கொண்டே இருந்தார். நான் விரலை எடுக்காமல் காத்திருந்தேன். ஒருவழியாகப் பெயர் வந்தது, விட்டேன், வயலின்கள் வந்தன. உடனே ஊசியைத் தூக்கிப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் போய்விட்டார்.